காக்னிட்டிவ் சைக்காலஜியின் தொடக்கக் கட்டுரைகளை மூலத்திலேயே படிப்பது எப்படி?

தொலைதூரக் கல்வியில் எம்.ஏ. உளவியல் சேர்ந்திருக்கிறீர்கள். அறிதல் உளவியல் (காக்னிட்டிவ் சைக்காலஜி: கவனம், நினைவு போன்ற மனச் செயல்களை ஆராயும் பிரிவு) தாளைத் திறந்தால் முதல் அத்தியாயத்திலேயே எபிங்ஹவுஸ், வாட்சன், டோல்மன், மில்லர், சோம்ஸ்கி, நைசர் என்று பெயர்களும் ஆண்டுகளும் வரிசைகட்டி நிற்கின்றன. ஆளுக்கு நாலு வரி. அத்தியாயத்தை முடித்துவிட்டுப் புத்தகத்தை மூடினால் யார் என்ன செய்தார் என்பது ஒன்றும் மனதில் தங்குவதில்லை.

நானும் வேறு துறையிலிருந்து இதற்குள் வந்தவன்தான். சுருக்கங்களையும் அவற்றின் சுருக்கங்களையும் படித்து மாதக்கணக்கில் திணறிய பிறகே மூலக் கட்டுரைகளைத் தேடிப் போனேன். அவற்றில் சில மூன்றே பக்கம். பல இருபது பக்கத்துக்குள் முடிந்துவிடுகின்றன. பெரும்பாலானவை காசில்லாமல் கிடைக்கின்றன. எதைத் தேடுவது, எங்கே எடுப்பது, எந்த வரிசையில் படிப்பது, எங்கெல்லாம் சறுக்கும் என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் எவ்வளவோ நேரம் மிஞ்சியிருக்கும். அதற்காகத்தான் இது. வரலாற்றை நான் விளக்கப் போவதில்லை, அதைக் கட்டுரைகளே உங்களுக்குச் சொல்லிவிடும்.

1. முதலில் இரண்டு துணை ஆவணங்கள்

நேரே எபிங்ஹவுஸின் 1885 நூலுக்குப் போய் விழ வேண்டாம். இக்னோவின் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) எம்.ஏ. உளவியல் பாடத்தில் எம்பிசி-001 என்ற தாள் இருக்கிறது. அறிதல் உளவியல், கற்றல், நினைவு மூன்றும் அதில் அடக்கம். இக்னோவில் சேராதவர்களும் அதன் பாடப்பகுதிகளை இ-ஞான்கோஷ் தளத்தில் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். முழுவதையும் படிக்க வேண்டியதில்லை. பொருளடக்கத்தையும் முதல் சில அலகுகளையும் ஒரு முறை புரட்டினால் எந்தப் பெயர் எந்தத் தலைப்பின் கீழ் வருகிறது என்பது பிடிபடும். அது போதும்.

இரண்டாவது, ஜார்ஜ் மில்லர் 2003-ல் 'டிரெண்ட்ஸ் இன் காக்னிட்டிவ் சயின்சஸ்' ஆய்விதழில் எழுதிய நினைவுகூரல். நாலே பக்கம். 1956 செப்டம்பர் 11 அன்று அமெரிக்காவின் எம்ஐடியில் நடந்த தகவல் கோட்பாட்டுக் கருத்தரங்கில் நியூவெலும் சைமனும் தங்கள் கணினி நிரலைப் பற்றியும், சோம்ஸ்கி இலக்கணத்தைப் பற்றியும் பேசினார்கள். அந்த நாளையே அறிதல் அறிவியலின் பிறந்த நாளாகத் தான் கருதுவதாக மில்லர் சொல்கிறார். பரீட்சையில் '1956 ஏன் முக்கியம்?' என்று கேட்டால் எழுத வேண்டிய பதில் கிட்டத்தட்ட முழுவதும் இந்த நாலு பக்கத்தில் இருக்கிறது.

2. எந்தெந்த ஆவணங்கள் வேண்டும்

என் பட்டியல் சின்னது. பக்க எண்களையும் சேர்த்தே தருகிறேன், பின்னால் பிரதியைச் சரிபார்க்கத் தேவைப்படும்.

'சைக்காலஜிக்கல் ரிவ்யூ' இதழிலிருந்து மூன்று: வாட்சன் 1913 (158–177), டோல்மன் 1948 (189–208), மில்லர் 1956 (81–97). 'ஜர்னல் ஆஃப் எக்ஸ்பெரிமென்டல் சைக்காலஜி'யிலிருந்து ஸ்ட்ரூப் 1935 (643–662). 'சயின்ஸ்' இதழிலிருந்து இரண்டு குட்டிக் கட்டுரைகள்: சால் ஸ்டெர்ன்பெர்க் 1966 (652–654), ஷெப்பர்டும் மெட்ஸ்லரும் 1971 (701–703). காக்டெய்ல் விருந்துச் சிக்கல் (பல குரல்களுக்கு நடுவே ஒரு குரலை மட்டும் கவனிப்பது எப்படி) என்று பாடப்புத்தகங்கள் சொல்வதற்கு மூலக் கட்டுரை செரி 1953 (975–979). அது ஒலியியல் இதழில் வந்தது என்பதால் உளவியல் இதழ்களில் தேடினால் அகப்படாது. ஸ்பெர்லிங் 1960, 29 பக்கம், தனி வெளியீடு. ஸ்கின்னரின் நூலுக்குச் சோம்ஸ்கி 1959-ல் 'லாங்குவேஜ்' இதழில் எழுதிய மதிப்புரை (26–58). மூளை அறுவைச் சிகிச்சைக்குப் பின் புதிய நினைவுகள் பதியாமல் போன ஹெச்.எம். என்ற நோயாளி பற்றி ஸ்கோவில், மில்னர் இருவரும் 1957-ல் எழுதிய அறிக்கை (11–21).

இவற்றோடு எபிங்ஹவுஸின் 1885 நூலிலிருந்து இரண்டு அத்தியாயங்கள். அவ்வளவுதான்.

பார்ட்லெட் (1932), பிராட்பென்ட் (1958), நைசர் (1967) ஆகியோரின் புத்தகங்களை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். தொடக்கத்திலேயே அவற்றைக் கையில் எடுத்தவர்கள் பாதியில் நிறுத்திவிடுவார்கள். அட்கின்சன், ஷிஃப்ரின் இருவரின் 1968 அத்தியாயமும் அப்படித்தான், நூறு பக்கத்துக்கு மேல் ஓடுகிறது. நினைவு பற்றிய அதே மாதிரியை (மாடலை) அவர்களே 1971 ஆகஸ்ட் 'சயன்டிஃபிக் அமெரிக்க'னில் பொது வாசகருக்காக எழுதியிருக்கிறார்கள். முதலில் அதைப் படியுங்கள்.

3. எங்கே கிடைக்கும், என்ன செலவாகும்

முதலில் போக வேண்டிய இடம் கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்தில் இருக்கும் 'கிளாசிக்ஸ் இன் த ஹிஸ்டரி ஆஃப் சைக்காலஜி' தளம். வாட்சன், ஸ்ட்ரூப், டோல்மன், மில்லர், எபிங்ஹவுஸ் ஐவரும் அங்கேயே இருக்கிறார்கள். பதிவு வேண்டாம், காசு வேண்டாம். ஸ்கேன் செய்த படமாக இல்லாமல் எழுத்தாகவே இருப்பதால் போனிலும் வசதியாகப் படிக்கலாம்.

சோம்ஸ்கியின் கட்டுரை அவர் பெயரிலேயே இருக்கும் தளத்தில் கிடைக்கிறது. ஸ்கோவில்–மில்னர் அறிக்கை பப்மெட் சென்ட்ரல் என்ற மருத்துவ ஆய்விதழ்த் தளத்தில் இலவசம்.

'சயின்ஸ்' கட்டுரைகளுக்கு ஜேஸ்டோர் என்ற ஆய்விதழ்த் தொகுப்புத் தளத்தில் ஒரு இலவசக் கணக்கு தொடங்குங்கள். மின்னஞ்சல் முகவரி மட்டும் போதும், கல்லூரி அடையாள அட்டை தேவையில்லை. மாதம் நூறு கட்டுரை வரை திரையில் படிக்க விடுகிறார்கள். இறக்கி வைத்துக்கொள்ள முடியாது என்பதால், குறிப்பெடுக்க ஒரு நோட்டும் பேனாவும் பக்கத்தில் இருக்கட்டும்.

ஸ்பெர்லிங்குக்கும் செரிக்கும் கூகுள் ஸ்காலர்தான் வழி. பாடப்புத்தகத்தின் மேற்கோள் பட்டியலில் இருக்கும் தலைப்பை முழுதாகத் தட்டச்சிட்டுத் தேடி, முடிவின் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் 'எல்லாப் பதிப்புகளும்' என்ற இணைப்பை அழுத்துங்கள். பலர் இதைக் கவனிப்பதே இல்லை. முதலில் தெரியும் இணைப்பு காசு கேட்கும் பதிப்பகத்துக்குக் கூட்டிப் போகும். உள்ளே போனால் ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்தின் பாடப் பக்கத்தில் அதே கட்டுரையின் பிடிஎஃப் இருக்கக்கூடும்.

பதிப்பகத் தளங்களில் தனிக் கட்டுரை விலை பத்து டாலரில் தொடங்கி முப்பது, நாற்பது டாலர் வரை போகிறது. அறுபது ஆண்டுக்கு முந்தைய மூன்று பக்கத்துக்கு இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்! இந்தப் பட்டியலில் உள்ள எதற்கும் அப்படிக் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

அரசுக் கல்லூரியிலோ அரசுப் பல்கலைக்கழகத்திலோ படிக்கிறீர்களா? மத்திய அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 2025-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. முப்பது பன்னாட்டுப் பதிப்பகங்களின் ஆய்விதழ்கள் அதற்குள் வருகின்றன. உங்கள் நூலகரிடம் போய் இரண்டு கேள்வி கேளுங்கள்: நம் கல்லூரி அதில் பதிந்திருக்கிறதா? வீட்டிலிருந்து திறக்க உள்நுழைவு தருவீர்களா? இரண்டுக்கும் ஆம் என்றாலும், 1950-களின் பழைய இதழ்கள் திறக்கின்றனவா என்று ஒரு கட்டுரையை வைத்துச் சோதித்துவிடுங்கள். சந்தா இருப்பதும் பழைய இதழ் திறப்பதும் வேறு வேறு விஷயம்.

புத்தகங்களுக்கு இன்டர்நெட் ஆர்க்கைவ். கணக்கு இலவசம். இரவலுக்கு இருக்கும் புத்தகங்களில் பல ஒரு மணி நேரத்துக்குத்தான் தருவார்கள். நேரம் முடிந்ததும் யாரும் வரிசையில் இல்லையென்றால் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். எந்த அத்தியாயம் வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு உட்காருங்கள்.

திருட்டுப் பிரதித் தளங்களைப் பற்றி இங்கே எழுதவில்லை. இந்தப் பட்டியலுக்கு அவை தேவையும் இல்லை.

அச்செடுப்பவர்களுக்கு ஒரு கணக்கு: எபிங்ஹவுஸைத் தவிர்த்துப் பார்த்தால், கீழே சொல்லப்போகும் மறுப்புக் கட்டுரையும் சேர்த்து எல்லாமாக ஏறக்குறைய 180 பக்கம் வரும். ஜெராக்ஸ் கடையில் பக்கத்துக்கு ஒன்றிலிருந்து இரண்டு ரூபாய் என்று வைத்தாலும் நானூறுக்குள் முடியும். ஸ்பைரல் பைண்டிங் தனி. ஸ்கேன் பிரதிகளை அச்செடுக்கும் முன் ஒரே ஒரு பக்கத்தை எடுத்துப் பாருங்கள். பழைய இதழ்களின் வரைபடங்கள் மங்கலாக விழுந்தால் கோடுகளும் புள்ளிகளும் காணாமல் போய்விடும், ஸ்டெர்ன்பெர்க் கட்டுரையில் உயிரே அந்த வரைபடம்தான்.

4. கையில் இருப்பது சரியான பிரதிதானா?

இறக்கிய உடனே பக்க எண்ணைப் பாருங்கள். மில்லர் என்றால் 81-ல் தொடங்கி 97-ல் முடிய வேண்டும். யார்க் தளத்தில் பக்க எண்கள் வரிகளுக்கு நடுவே அடைப்புக்குறிக்குள் வரும், அதுவும் சரிதான். அதே தலைப்பில் ஆறு பக்கம், எட்டு பக்கம் என்று ஓடும் பிடிஎஃப்கள் யாரோ ஒருவரின் வகுப்புக் குறிப்புகள். அவற்றை மூலம் என்று நினைத்து மேற்கோள் காட்டிவிட்டால் வைவாவில் மாட்டிக்கொள்வீர்கள்.

பெயர்க் குழப்பம் இன்னொரு பொறி. ஸ்டெர்ன்பெர்க் இரண்டு பேர். நினைவைத் துழாவும் வேகத்தை அளந்தவர் சால். நுண்ணறிவு பற்றி எழுதியவர் ராபர்ட். வெறும் குடும்பப் பெயரைத் தேடினால் ராபர்ட்தான் முன்னால் வந்து நிற்பார். மில்லரிலும் ஜார்ஜ் வேறு, கற்றலைப் பற்றி எழுதிய நீல் வேறு.

மூன்றாவது, ஆண்டு. பார்ட்லெட்டின் நூலை 1995 மறுபதிப்பிலும் எபிங்ஹவுஸை 1913 ஆங்கில மொழிபெயர்ப்பிலும்தான் படிப்பீர்கள். சோம்ஸ்கியின் மதிப்புரை 1967-ல் அவர் எழுதிய முன்னுரையோடு மறுபடி அச்சானது, இணையத்தில் சுற்றும் பல பிரதிகள் அதுதான். விடைத்தாளில் மூல ஆண்டை எழுதுங்கள். ஆய்வுக் கட்டுரை என்றால் மூல ஆண்டையும் படித்த பதிப்பின் ஆண்டையும் சாய்கோடு போட்டுச் சேர்த்து எழுதுங்கள்.

5. கால வரிசையில் படிக்காதீர்கள்

எல்லாப் பாடத்திட்டமும் கால வரிசையில்தான் போகிறது. படிப்பதற்கு அது மோசமான வரிசை. மனதை விட்டுவிட்டு வெளியே தெரியும் நடத்தையை மட்டும்தான் ஆராய வேண்டுமா என்பதுதான் அங்கே சண்டை. வாட்சனில் தொடங்கினால் அதன் ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுவிட்டு, மற்றவர் எதற்குக் கோபப்படுகிறார் என்று புரியாமல் உட்கார்ந்திருப்பீர்கள்.

ஸ்டெர்ன்பெர்க்கில் தொடங்குங்கள். ஒரு மாலையில் முடிந்துவிடும். ஒன்று முதல் ஆறு எண்கள் வரை கொண்ட ஒரு பட்டியலைக் காட்டுகிறார். இரண்டு விநாடி கழித்து ஒரு எண்ணைக் காட்டி, 'இது அதில் இருந்ததா?' என்று கேட்கிறார். பட்டியலில் ஒரு எண் கூடும்போது பதில் நேரம் ஏறத்தாழ 38 மில்லி விநாடி கூடுகிறது. இவ்வளவுதான் சோதனை. ஆனால் 'இருந்தது' என்ற பதிலுக்கும் 'இல்லை' என்ற பதிலுக்கும் வரைபடத்தில் கோடு ஒரே சரிவில் ஏறுகிறது. தேடும் எண் பாதியிலேயே அகப்பட்டாலும் மனம் கடைசி வரை போய்த்தான் நிற்கிறது என்று அதிலிருந்து வாதிடுகிறார். கண்ணுக்குத் தெரியாத ஒரு மனச் செயலை நேரத்தை வைத்தே எட்டிப் பிடிக்கிறார்களே, அதுதான் இந்தத் துறையின் கைவேலை. இது ஒன்று பிடிபட்டால் மற்றவை தானாக வரும்.

இங்கே எல்லோரும் சறுக்கும் இடம்: 38 என்பது பதில் சொல்ல ஆகும் நேரம் இல்லை. அது சரிவு, அதாவது எண் ஒன்றுக்குக் கூடும் நேரம். கோடு தொடங்குவதே 400 மில்லி விநாடிக்குப் பக்கத்தில்தான்.

அப்புறம் ஷெப்பர்ட்–மெட்ஸ்லர், ஸ்ட்ரூப், ஸ்பெர்லிங், செரி. ஐந்து சோதனைகள் கையில் இருக்கும்போது மில்லர். அதற்குப் பிறகு பின்னோக்கி எபிங்ஹவுஸ். கடைசியில் சண்டைக்காரர்கள்: வாட்சன், டோல்மன், சோம்ஸ்கி. ஹெச்.எம். அறிக்கையை எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம், அது வேறு ரகம், அறுவைச் சிகிச்சை மருத்துவரின் வறண்ட நடையில் எழுதியது. அந்த வறட்சியே கொஞ்சம் உலுக்கிவிடும்.

6. மில்லர்: ஏழு என்ற எண்ணிடம் ஏமாறாதீர்கள்

இந்தத் துறையில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவதும் அதிகம் தவறாகச் சொல்லப்படுவதும் இந்தப் பதினேழு பக்கமாகத்தான் இருக்கும். 'குறுகிய கால நினைவின் கொள்ளளவு ஏழு, இரண்டு கூடலாம் குறையலாம்' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். கட்டுரையின் முதல் பாதி நினைவைப் பற்றியதே இல்லை.

முதலில் அவர் பேசுவது பிரித்தறிதலைப் பற்றி. சுருதி மட்டும் மாறும் ஒலிகளை ஒவ்வொன்றாகக் கேட்டு, எது எந்த எண் என்று சொல்ல வேண்டும். ஐந்தாறு ஒலி வரை தடுமாற்றம் இல்லை, அதற்கு மேல் குழம்பிவிடுகிறது. தகவல் அளவில் இது ஏறத்தாழ 2.5 பிட் (பிட் என்றால் என்ன என்று கீழே சொல்கிறேன்). உப்புக் கரைசலின் சுவை என்றால் 1.9 பிட், நாலு அளவுகளுக்கு மேல் பிரிக்க முடிவதில்லை. அடுத்தது, ஒரு கணம் மின்னி மறையும் புள்ளிகளை எண்ணாமல் சொல்வது. மூன்றாவதாகத்தான் நினைவு வருகிறது.

அந்த மூன்றாவது பகுதியை மெதுவாகப் படியுங்கள். இரும எண்கள் என்றால் ஒன்பது வரை நினைவில் நிற்கிறது. ஓரசைச் சொற்கள் என்றால் ஐந்து. ஒரு சொல்லில் இருக்கும் தகவல் ஒரு இரும எண்ணில் இருப்பதைவிடப் பல மடங்கு, ஆனாலும் எண்ணிக்கை அவ்வளவாகக் குறையவில்லை. ஆக, பிரித்தறிதலின் எல்லை பிட் கணக்கில், நினைவின் எல்லை சங்க் (ஒன்றாகச் சேர்த்துக் கட்டிய துண்டு) கணக்கில். இரண்டு இடத்திலும் ஏழு வந்தாலும் இரண்டும் ஒன்றல்ல என்பதுதான் அவர் வாதம். சிட்னி ஸ்மித் என்பவர் இரும எண்களைச் சில சிலவாகச் சேர்த்து வேறு எண்களாக மாற்றிக் கட்டிக்கொள்ளப் பழகி, நாற்பது இரும எண்களை ஒரே மூச்சில் திருப்பிச் சொன்ன கதையும் இங்கேதான் வருகிறது. கடைசியில் உலக அதிசயம் ஏழு, கடல் ஏழு என்று அடுக்கிவிட்டு, இந்த ஏழெல்லாம் வெறும் தற்செயலாக இருக்கலாம் என்று மில்லரே சொல்லிவிடுகிறார். தலைப்பை மட்டும் படித்தவர்கள்தான் அதை விதியாக்கினார்கள்.

பிட் கணக்கு தெரியாதவர்களுக்கு: இரண்டின் அடுக்கு என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தால் 1 பிட், நாலில் ஒன்று 2, எட்டில் ஒன்று 3. இதற்கு மேல் இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை. தகவல் கோட்பாட்டைத் தனியாகப் படித்துவிட்டு வருகிறேன் என்று அதை உருவாக்கிய ஷானனிடம் போய்விடாதீர்கள், திரும்பி வர மாட்டீர்கள்.

7. எபிங்ஹவுஸ்: மூன்றாம் அத்தியாயமும் ஏழாம் அத்தியாயமும்

மூன்று முறையைச் சொல்கிறது, ஏழு மறத்தலைச் சொல்கிறது. மற்றவற்றை ஆற அமரப் பார்க்கலாம்.

ஏழாம் அத்தியாயத்தில் வரும் அட்டவணையை உங்கள் நோட்டில் கையால் எழுதிக்கொள்ளுங்கள். மிச்சம் இருப்பது இருபது நிமிடத்தில் 58.2 சதவீதம், ஒரு மணி நேரத்தில் 44.2, ஒரு நாளில் 33.7, இரண்டு நாளில் 27.8, ஆறு நாளில் 25.4, 31 நாளில் 21.1.

இப்போது பொறி. '24 மணி நேரத்தில் படித்ததில் 66 சதவீதம் மறந்துபோகும்' என்று பயிற்சி வகுப்பு விளம்பரங்களிலெல்லாம் வருகிறதே, அது இந்த 33.7-ஐ நூறில் கழித்து வந்தது. எபிங்ஹவுஸ் அளந்தது எத்தனை அசை நினைவில் இருக்கிறது என்பதையே இல்லை. பதின்மூன்று பொருளற்ற அசைகள் கொண்ட பட்டியல்களைப் பிழையில்லாமல் சொல்லும் வரை படித்தார். இடைவெளி விட்டு அதே பட்டியல்களை மறுபடி அதே நிலைக்குக் கொண்டுவந்தார். முதல் முறை 1000 விநாடி ஆனது, மறுமுறை 663 விநாடி ஆனது என்றால் மிச்சம் 33.7 சதவீதம். நேரத்தில் மிஞ்சியது அது. ஒரு அசைகூட வாயில் வராத நிலையிலும் மிச்சம் இருக்க முடியும், அந்த முறையின் அழகே அதுதான். சோதனைக்கு உட்பட்டவரும் அவர் ஒருவர்தான், படித்ததும் பாடம் இல்லை, பொருளற்ற அசைகள். இதை வைத்து உங்கள் வரலாற்றுப் பாடம் இரண்டு நாளில் ஆவியாகிவிடும் என்று பயப்பட வேண்டாம்.

ஒரே ஆளை வைத்துச் செய்த 1885 சோதனையை நம்பலாமா என்று கேட்பவர்களுக்கு, முரேயும் டிராஸும் 2015-ல் பிளாஸ் ஒன் இதழில் அதை மறுபடி செய்து வெளியிட்டிருக்கிறார்கள். திறந்த இதழ், காசில்லை. இருவரில் ஒருவரே எழுபது மணி நேரம் உட்கார்ந்து அசைகளை மனப்பாடம் செய்திருக்கிறார். வளைவு ஏறக்குறைய அப்படியே வந்திருக்கிறது.

8. சோம்ஸ்கி: மறுப்பையும் சேர்த்துப் படியுங்கள்

33 பக்கம், அடர்த்தியானது. நடத்தையியலாளர் ஸ்கின்னர் மொழியைப் பற்றி எழுதிய 1957 நூலை ('வெர்பல் பிஹேவியர்') ஒரு பக்கம்கூடப் பார்க்காமல் இந்த மதிப்புரையைப் படித்தால் யாரை அடிக்கிறார், எங்கே அடிக்கிறார் என்று தெரியாமல் கைதட்டிவிட்டு வருவீர்கள். நூல் முழுவதும் வேண்டாம், முதல் அத்தியாயம் போதும். அப்புறம் மதிப்புரை. அதற்குப் பிறகு மக்கார்க்கோடேல் 1970-ல் எழுதிய பதில், பதினேழு பக்கம், பப்மெட் சென்ட்ரலில் இலவசம். ஸ்கின்னர் சொல்லாத பலவற்றைச் சோம்ஸ்கி அவர் தலையில் ஏற்றினார் என்பது அதன் வாதம். யார் சரி என்று நான் சொல்லப் போவதில்லை, ஆனால் சோம்ஸ்கியின் ஒரே கட்டுரையோடு நடத்தையியல் செத்துவிட்டது என்று விடைத்தாளில் எழுதாதீர்கள். நடத்தைப் பகுப்பாய்வுக்கென்றே 1958-ல் தொடங்கிய ஆய்விதழில்தான் அந்தப் பதில் வந்தது.

கஷ்டமாக இருந்தால் முதல் இரண்டு பகுதியையும் கடைசிப் பகுதியையும் மட்டும் படிக்கலாம். நடுவில் ஸ்கின்னரின் கலைச்சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து உடைக்கிறார், அது இரண்டாம் வாசிப்புக்கு.

9. ஒன்றையாவது கையால் செய்யுங்கள்

ரெக்கார்டு நோட்டுக்கு எப்படியும் ஏதாவது வேண்டும். ஸ்ட்ரூப்தான் மலிவு. இரண்டு வெள்ளை அட்டை, ஸ்கெட்ச் பேனா, போனில் இருக்கும் ஸ்டாப்வாட்ச், ஆக மொத்தம் ஐம்பது ரூபாய்க்குள்.

சிவப்பு, நீலம், பச்சை, பழுப்பு, ஊதா. ஸ்ட்ரூப் பயன்படுத்தியதும் இந்த ஐந்துதான். மஞ்சளை எடுக்காதீர்கள், வெள்ளை அட்டையில் படிக்க முடியாது. ஒரு அட்டையில் ஐந்து நிறத்திலும் பத்துப் பத்தாக ஐம்பது சதுரம். இன்னொன்றில் ஐம்பது நிறப்பெயர், தமிழிலேயே, ஒவ்வொன்றும் வேறு நிற மையில். ஒரே நிறம் அடுத்தடுத்து வரக் கூடாது. பென்சிலில் முதலில் வரிசையைப் போட்டுச் சரிபார்த்துவிட்டுப் பேனாவை எடுங்கள். 'பச்சை' என்ற சொல்லைச் சிவப்பில் எழுதும்போது கை தானாகப் பச்சைப் பேனாவைத் தேடும். அதுவே சோதனையின் முதல் தரவு.

பங்கேற்பவர் இரண்டு அட்டையிலும் மையின் நிறத்தைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். பாதிப் பேருக்குச் சதுர அட்டையை முதலில் கொடுங்கள், பாதிப் பேருக்குச் சொல் அட்டையை. நிறக்குருடு உண்டா என்று முன்னாலேயே கேட்டுவிடுங்கள். தவறாகச் சொன்னால் திருத்திச் சொல்லச் செய்யுங்கள், நேரம் ஓடட்டும். ஸ்ட்ரூப் நூறு நூறாகச் செய்தபோது சதுரங்களுக்குச் சராசரி 63.3 விநாடியும் சொற்களுக்கு 110.3 விநாடியும் ஆயின. உங்கள் எண் அதுவாக இருக்க வேண்டியதில்லை, எழுத்தும் ஆளும் வேறு.

பாடப்புத்தகப் படத்தைப் பார்த்து 'சிவப்பு' என்பதைச் சிவப்பிலேயே எழுதிய மூன்றாவது அட்டை ஒன்றையும் சேர்த்துவிட்டு 'ஸ்ட்ரூப் 1935 முறை' என்று எழுதுகிறார்கள். மூலத்தில் அப்படி ஒரு அட்டை கிடையாது, பின்னால் வந்தவர்கள் சேர்த்தது. சேர்த்துக்கொள்வதில் தப்பில்லை, ஸ்ட்ரூப் பெயரில் எழுதுவதுதான் தப்பு.

ஸ்டெர்ன்பெர்க் சோதனையை ஸ்டாப்வாட்சில் செய்ய முடியாது, மில்லி விநாடி வேண்டும். சைடூல்கிட் என்ற இலவசத் தளத்தில் அது தயாராக இருக்கிறது. கணினியில் செய்யுங்கள், போனில் தொடுதிரையின் தாமதம் குழப்பும்.

10. காலக் கணக்கு

வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள் வாரத்துக்கு ஒரு கட்டுரை என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பக்கக் கட்டுரைக்கு இரண்டு மணி நேரம், இருபது பக்கத்துக்கு ஐந்தாறு மணி நேரம் ஒதுக்கலாம். மில்லருக்கு இரண்டு வாரம், சோம்ஸ்கிக்கும் மறுப்புக்கும் சேர்த்து மூன்று. எல்லாம் சேர்ந்து மூன்றரை மாதத்தில், அதாவது ஒரு செமஸ்டருக்குள் முடியும். தேர்வுக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது என்றால் மில்லர் 2003, ஸ்டெர்ன்பெர்க், மில்லர் 1956, எபிங்ஹவுஸ் ஏழாம் அத்தியாயம். மற்றவை விடுமுறைக்கு.

ஒவ்வொன்றையும் முடித்ததும் அரைப் பக்கம் எழுதுங்கள்: யாரை வைத்துச் செய்தார்கள், எதை மாற்றினார்கள், எதை அளந்தார்கள், என்ன எண் வந்தது, அதிலிருந்து மனதைப் பற்றி என்ன சொல்கிறார்கள். கடைசி இரண்டையும் தனித்தனி வரியில் எழுதப் பழகுங்கள். எண் ஒன்று, அதற்கு அவர்கள் சொல்லும் விளக்கம் இன்னொன்று. ஸ்டெர்ன்பெர்க்கின் 38 இன்றும் நிற்கிறது, கடைசி வரை துழாவுகிறது என்ற விளக்கத்தோடுதான் பின்னால் வந்தவர்கள் மோதினார்கள்.

நைசரின் 1967 நூலை இதற்கெல்லாம் பிறகு எடுங்கள். 2014-ல் மறுபதிப்பு வந்திருக்கிறது, விலை அதிகம். பழைய பதிப்பை நூலகத்திலோ பழைய புத்தகத் தளங்களிலோ பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஸ்பெர்லிங்கும் செரியும் அதற்குள் உங்களுக்குப் பழக்கமாகியிருப்பார்கள் என்பதால் கவனம், நினைவு பற்றிய அத்தியாயங்கள் வேகமாகவே ஓடும். வாங்கினால் கூடவே அவருடைய 1976 நூலையும் தேடுங்கள், துறைக்குப் பெயர் தேடித் தந்தவரே ஒன்பது ஆண்டு கழித்து அதே துறையை எங்கெல்லாம் குறை சொல்கிறார் என்று அதில் பார்க்கலாம்.